கண் பட்ட குழாய்

பூங்கனிச் சித்தி வீட்டுப் புதுக்குழாயில் தண்ணீர் தானாகக் கொட்டத் தொடங்கிய அன்று எங்கள் ஊரில் தண்ணீர் திறந்துவிடும் முறையும் இல்லை, மழையும் இல்லை, மாடித் தொட்டியில் ஒரு தம்ளர் அளவுகூட மிச்சம் இல்லை, ஆனாலும் கொட்டியது. சந்திலிருந்த பெண்கள் எல்லாரும் வாசலைத் தாண்டி உள்ளே வந்து பார்த்தார்கள், அவர்கள் பார்க்கப் பார்க்க இன்னும் வேகமாகக் கொட்டியது.

கரிசல் காட்டுக்கு நடுவே தீப்பெட்டி ஆபீஸ்களைச் சுற்றி வளர்ந்த ஊர் எங்களுடையது. எங்களுக்குத் திங்கள், செவ்வாய் என்பதெல்லாம் காலண்டரில் மட்டும்தான், மற்றபடி தண்ணீர் வரும் நாள், அதற்கு மறுநாளான துணி துவைக்கும் நாள், அதற்குப் பிறகு குடங்களின் அடியைச் சரித்துப் பார்த்துப் பெருமூச்சுவிடும் நாட்கள், அவ்வளவுதான். தாத்தா கட்டிய ஒரே வீட்டை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பங்கு பிரித்தபோது நடுவே ஒரு சுவர் எழுப்பினார்கள், ஆனால் குழாயைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை, அதனால் அந்தச் சுவருக்குள்ளேயே ஒற்றை இரும்புக் குழாய் ஓடி எங்கள் அடுப்படிக்கு ஒரு வாயும் சித்தியின் அடுப்படிக்கு ஒரு வாயும் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வாயிலும் டீத்தூள் போட்டுக் கொதிக்கவைத்ததுபோலத் துருத்தண்ணீர் வந்தது. அந்த நிறத்தில் மட்டும் இரண்டு வீடும் சமமாக இருந்தன.

மற்ற எதிலும் சமம் இல்லை. சித்தப்பா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவர்களுடைய மகன் விடுதியில் தங்கிப் படித்தான். சித்தி அந்தப் பாதி வீட்டில் வாசனை சோப்பும், விசில் சத்தம் மென்மையாக வரும் குக்கரும், மாதம் தவறாமல் வரும் பார்சலுமாகத் தனியாக இருந்தாள். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் பிரிவில் மேற்பார்வை. எத்தனை முறை கை கழுவினாலும் அவர் விரல்களில் தீக்குச்சி மருந்து வாசனை போகாது. அம்மா, தங்கபுஷ்பம் என்று பெயர் வாங்கியவள், தன் உடம்பில் தங்கமும் இல்லை தலையில் புஷ்பமும் இல்லை என்று தானே சொல்லிச் சிரிப்பாள், ஆனால் அந்தச் சிரிப்பு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடாதபடி பார்த்துக்கொள்வாள்.

சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் அம்மா என்னைப் பின்கட்டுப் படியில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைப்பாள். அது எங்கள் இருவருக்கு மட்டுமான நேரம். நான் அதிகம் பேசாதவள், கல்லூரி போய்ப் பட்டம் வாங்கி வந்த பிறகும் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்படுகிறவள், அதனால் அம்மாவுக்கு என் காதுகள் வசதியாக இருந்தன. எண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே சித்தியைப் பற்றிச் சொல்லுவாள். "பாத்தியா, இன்னைக்கும் பார்சல்." "பாத்தியா, வீட்டுக்குள்ள உடுத்துறதுக்கே நல்ல சேல." "பாத்தியா, போன்ல எப்படிச் சிரிக்கா, நமக்குக் கேக்கணும்னே சிரிக்கா." அம்மாவின் விரல்கள் கோபத்தில் சூடாக இருக்கும், எண்ணெய் நன்றாக இறங்கும். அடர்த்தியான கூந்தல் எனக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் நான் சித்தியைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த வைகாசியில் சுவருக்குள்ளிருந்த குழாய் ஓட்டை விழுந்து இரண்டு வீட்டுச் சுவரிலும் பழுப்பாக ஊறியது. சித்தி பிளம்பர் ஜெபமணி அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் சுவரைக் கொத்திப் பழைய குழாயை அறுத்து எடுத்து, ஒரு துண்டைத் தெருவுக்கே தூக்கிக் காட்டினார். வெளியே வாழைத்தண்டு பருமன் இருந்த குழாய்க்குள் துருவும் உப்பும் படிந்து ஒரு பென்சில் நுழையத்தான் இடம் இருந்தது.

"யக்கா, இது குழாய் இல்ல, மாரடைப்பு," என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஒங்க பக்கத்தையும் இதோட சேத்து மாத்திருவமா? ஒரே கொத்து, ஒரே பூச்சு," என்று கேட்டார்.

"எங்களுக்கு வர்றது போதும். நாங்க என்ன நீச்சலா அடிக்கப் போறோம்," என்றாள் அம்மா.

அவர் எங்கள் பக்கத்துப் பழைய துண்டைப் புதுக்குழாயோடு ஒட்டுப்போட்டுக் கொடுத்துவிட்டு, சித்தியின் வீடு முழுக்க வெள்ளை வெளேரென்று புதுக்குழாய் இழுத்து, முகம் பார்க்கலாம்போல மின்னும் குழாய்வாய்களை மாட்டினார். சந்தே நின்று வேடிக்கை பார்த்தது. இத்தனை கண்ணும் பட்டுவிடுமே என்று சித்தி பயந்து, முச்சந்தி மண்ணும் கல்லுப்பும் வர மிளகாயும் எடுத்து வந்து குழாய்களைச் சுற்றித் திருஷ்டி கழித்தாள். கழித்ததை நெருப்பில் போட வேண்டும், ஆனால் கேஸ் அடுப்பில் எப்படிப் போடுவது, எப்போதும் கொட்டாங்குச்சி எரிக்கும் பின்முற்றமோ தோண்டிக் கிடந்தது, ஜெபமணி அண்ணனோ "சிமெண்ட் இறுகுதுக்கா, சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினார், அதனால் சித்தி கையிலிருந்ததைக் குழாய் பதித்த பள்ளத்திலேயே போட்டுவிட்டாள். அவரும் பூசிவிட்டார். அதனால்தான் வந்தது என்று சிலர் சொன்னார்கள். அதனால் இல்லை என்றும் சிலர் சொன்னார்கள். தண்ணீர் இரண்டு பேருக்கும் பொதுவாக வந்தது.

முதலில் புரிந்துகொண்டவள் எதிர்வீட்டுப் பேச்சியக்கா. குடத்தோடு வந்தவள், குழாயின் மினுமினுப்பைப் பார்த்து, நம் வீட்டில் இப்படி ஒன்று இல்லையே என்று மனசுக்குள் நினைத்தபோது தண்ணீர் குடத்துக்கு வெளியே தெறித்தது. வீட்டில் விட்டுவந்த மகன் ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பினாள், தண்ணீர் நூலாக இளைத்தது. மறுபடி குழாயைப் பார்த்தாள், மறுபடி பாய்ந்தது. "ஏ, நான் பொறாமப்பட்டா வருதுடி," என்றாள், உலை கொதித்துவிட்டது என்று சொல்வதுபோல. யாரும் ஆச்சரியப்படவில்லை. அத்தனை காலம் தண்ணீருக்காக எங்கெங்கோ அலைந்த பெண்களுக்கு அது வயிற்றெரிச்சலிலிருந்து வருவதுதான் நியாயமாகப் பட்டது, ஏனென்றால் அது ஒன்றுதான் எங்கள் சந்தில் வற்றாமல் இருந்தது.

பிறகு எல்லா வீட்டுச் சுவரையும் ஜெபமணி அண்ணன் கொத்தினார். எல்லாரும் உப்பும் மிளகாயும் மண்ணும் சுற்றிப் பள்ளத்தில் போட்டு மூடினார்கள். அதுவரை வாசலில் தொங்கிய நாக்கு நீட்டிய பூசணிக்காய்களையும் படிகாரக் கட்டிகளையும் கழற்றிவிட்டார்கள், கண் வேண்டாம் என்று இருந்தவர்களுக்கு இப்போது கண்தான் வேண்டியிருந்தது. பிள்ளைகளின் கன்னத்தில் வைத்த மைப்பொட்டைத் துடைத்துவிட்டுத் தெருவில் விட்டார்கள். புதுச்சேலை வாங்கியதைப் பழையது என்று சொல்லி வந்தவர்கள் பழையதைப் புதியது என்று சொல்லித் தெருப்பக்கக் கொடியில் காயப்போட்டார்கள். நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் ஏதோ இருக்கோம் என்று இழுத்தவர்கள், எங்களுக்கென்ன குறைச்சல் என்று உரக்கச் சொன்னார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து குழாய்களைத் தட்டிப் பார்த்து, ஒரு தம்ளர் குடித்துப் பார்த்து, மிளகாய் விதையை நக்கியதுபோல லேசாக உறைக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, முறைத் தண்ணீர் இனி எதற்கு என்று எங்கள் சந்துக்கு அதை நிறுத்திவிட்டுப் போனார். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வெந்தது.

பொய்யாகப் பொறாமைப்பட்டால் வராது. அதனால் மனசாரப் பொறாமைப்படத் தெரிந்தவர்களுக்குச் சந்தில் மரியாதை கூடியது. பேச்சியக்காவைக் காலையிலேயே ஆள் விட்டுக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, காபி கொடுத்து, பீரோவைத் திறந்து காட்டினார்கள். அவளும் சளைக்காமல் வீடு வீடாகப் போனாள். மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்து, "காலைலருந்து எல்லார் வீட்டுக்கும் பொறாமப்பட்டு வயிறே புண்ணாப் போச்சு, கொஞ்சம் மோர் குடு தங்கம்," என்பாள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட ஜாதகத்துக்கு முன்னால் குழாயைத் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள், நாலு பேர் பார்த்து ஏங்குகிற வீடா என்று அதில் தெரிந்துவிடும் அல்லவா.

சித்தியின் குழாய் மட்டும் யாரும் வந்து பார்க்காதபோதும் ஓடிக்கொண்டிருந்தது. மஸ்கட் வீடு, ஓடாமல் என்ன செய்யும் என்றது சந்து. எனக்குத் தெரியும், அது அம்மா. மத்தியானம் அம்மா கண்ணயரும்போது சுவருக்குப் பின்னால் சத்தம் குறையும், அம்மா எழுந்து முகம் கழுவும்போது கூடும், சாயங்காலம் என் தலையில் எண்ணெய் வைத்து அம்மா ஒவ்வொரு பாத்தியாவாகச் சொல்லச் சொல்ல அருவிபோல இரையும். அந்த இரைச்சல் அம்மாவின் காதில் விழும், "கேட்டியா, எப்படிக் கொட்டுது அவளுக்கு" என்பாள், இன்னும் இரையும். நான் தலையைக் குனிந்தபடி சீப்பை எடுத்துக் கொடுப்பேன். தன் வயிற்றை எரித்து எரித்து அம்மா சித்தியின் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சீப்பு அம்மாவின் கையில் பாதி வழியில் நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் பொறாமைப்படாமல் இருக்க என்னவெல்லாமோ செய்து பார்த்தாள், முருகன் பாட்டை முணுமுணுத்தாள், அரிசியில் கல் பொறுக்கினாள், சித்தியின் பெயரையே எடுக்கவில்லை. சுவருக்குப் பின்னால் தண்ணீர் தன்பாட்டில் ஓடியது. கடைசியில் ஜெபமணி அண்ணனை வரச்சொல்லி எங்கள் பாதியின் குழாய்களையும் மாற்றினாள். உப்பு, மிளகாய், முச்சந்தி மண் எல்லாம் மற்றவர்கள் போட்டதைவிடக் கொஞ்சம் கூடவே போட்டாள். பூச்சு காய்ந்ததும் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திக் குழாயைத் திறந்தாள்.

ஸ்ஸ் என்று காற்று வந்தது. அவ்வளவுதான்.

"குழாய்ல கோளாறு இல்லக்கா. நூல் பிடிச்ச மாதிரி போட்டிருக்கேன்," என்று ஜெபமணி அண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அப்போ..." என்று தொடங்கிய அம்மா முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை, சந்து முழுக்க நின்றிருந்தது, அம்மாவைப் பார்த்து ஏங்க ஒரு ஆள்கூட இல்லை.

அம்மா என் பட்டத்தைச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டினாள். அப்பா எங்கிருந்தோ பழைய வாஷிங் மெஷின் ஒன்றை எடுத்து வந்தபோது, அதைப் பட்டப்பகலில் முக்குக்கடை வழியாகச் சுற்றிக்கொண்டு வரச்சொன்னாள். அன்று ஒரு சொட்டு விழுந்தது, அதுவும் புதுக்குழாயில் தேங்கியிருந்ததாக இருக்கலாம். பேச்சியக்காவைக் கூப்பிட்டு அல்வா கொடுத்து உட்காரவைத்தாள். அவள் வீட்டை ஒரு சுற்று பார்த்து, கண்ணை மூடித் திறந்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"முயற்சி பண்ணிட்டுதான் இருக்கேன் தங்கம். வரமாட்டேங்குது. ஒன்னப் பாத்தா எனக்குப் பாவமாதான் இருக்கு."

அன்று சாயங்காலம் சுவருக்குப் பின்னால் கேட்ட இரைச்சலில் எங்கள் பக்கத்துத் தட்டுகள் அதிர்ந்தன. சித்தி பின்வாசலில் நின்று, "அக்கா, குடத்தக் குடுங்க, பிடிச்சுத் தாரேன், எங்க வீட்ல வழிஞ்சு ஓடுது," என்றாள். அம்மா குடத்தைக் கொடுத்தாள். தன் வயிற்றெரிச்சலைத் தானே சுமந்து வந்து எங்களுக்கு உலை வைத்தாள்.

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் கூட்டம் குழாயைத் திறந்து காற்றைக் கேட்டது, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது, கேசரியைத் தின்றது, போய்விட்டது. அடுத்ததாக ஓசூரிலிருந்து ஒரு வரன் வந்தபோது அம்மாவின் முகத்தில் பழைய குழாயின் உள்பக்கம் தெரிந்தது. மாப்பிள்ளை கம்பெனியில் வேலை பார்க்கிறவர், போட்டோவில் கூச்சமாகச் சிரிக்கிறவர், எனக்குப் பிடித்திருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "இதுவும் இந்தப் பாழாப்போன குழாயால போச்சுன்னா, நான் இந்தச் சுவத்துலயே முட்டிக்கிடுவேன்," என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "வந்தா வரட்டும், வராட்டி செம்புல மோந்து குடுப்போம் புள்ள," என்றார். அதற்கும் திட்டு வாங்கினார்.

அவர்கள் வந்த அன்று சித்தி கூப்பிடாமலே பின்வாசல் வழியாக வந்து, வாழைக்காயையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். போ என்று சொல்ல முடியாமல் அம்மா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். நான் பட்டுச்சேலையோடு மூலையில் நின்றேன். கூடத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா, "கை கழுவணுமே, அடுப்படி இந்தப் பக்கமா?" என்று கேட்டபடி எழுந்திருக்கும் சத்தம் கேட்டதும் அம்மா பதறிப்போய்ப் பஜ்ஜியைத் தொப்பென்று எண்ணெயில் போட்டாள். எண்ணெய் துள்ளி மணிக்கட்டில் விழுந்தது.

வாசல்பக்கம் நின்ற அப்பா ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் நீட்டிக் குழாயைத் திறந்தார். அது வறண்ட குழாய் என்பதே அந்த அவசரத்தில் அவருக்கு நினைவில்லை. காற்று வந்ததையும் கவனிக்காமல், மருந்து வாசனை போகாத விரல்களால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஊதினார்.

"பாத்துச் செய்யக்கூடாதா புள்ள, கண்ணு எங்க இருக்கு?"

"மொதல்ல ஒங்க சட்டப் பட்டனப் பாருங்க. மாத்திப் போட்டுக்கிட்டு சம்பந்தி முன்னால நிக்காரு, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டாரு."

"பட்டன விடு, எரியுதா?"

"எரியாம குளிரவா செய்யும்? விடுங்க, ஆளு வாராங்க."

"வரட்டும். இரு."

இருவரும் குசுகுசுவென்று முகத்தோடு முகம் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது குழாய் ஒருமுறை இருமியது, பிறகு தண்ணீர் பாய்ந்தது. அம்மாவின் கையில் மோதி, அப்பாவின் மாற்றிப் பூட்டிய சட்டையை நனைத்து, தொட்டியை நிறைத்துத் தரைக்கு வழிந்தது. வாசலில் வந்து நின்ற மாப்பிள்ளையின் அம்மா, "யாத்தீ, எம்புட்டுத் தண்ணி!" என்று கன்னத்தில் கைவைத்தாள்.

அம்மா திரும்பி, யார் என்று தேடினாள். அடுப்படியில் நானும் சித்தியும் மட்டும்தான். சித்தியின் மடியில் பாதி சீவிய வாழைக்காய் அப்படியே இருந்தது. அவள் குழாயைப் பார்க்கவில்லை, வந்தவர்களைப் பார்க்கவில்லை, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்த அப்பாவின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு எண்ணெய் தெறித்தால் போனில் சொல்லிக்கொள்ள வேண்டியவள் அவள், சொல்வதற்குள் அங்கே டியூட்டி தொடங்கிவிடும். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், நீண்ட நேரம் பார்த்தாள். அப்போது சுவருக்குப் பின்னால், இத்தனை மாதமாக ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. சட்டியில் எண்ணெய் பொரிவது மட்டும் கேட்டது.

வரன் அமைந்தது. அவர்கள் போன பிறகு சித்தி வெறுங்குடத்தோடு பின்வாசலில் நின்றாள்.

"அக்கா, எங்க வீட்ல நின்னுபோச்சு."

"தெரியும். உள்ள வா, இங்க பிடிச்சுக்கோ," என்றாள் அம்மா.

ஏன் வந்தது, ஏன் நின்றது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து சித்தி வரும் நேரம் பார்த்து அம்மா அப்பாவை டீக்கடைக்கு விரட்டினாள். அவள் காதில் விழும்படி அப்பாவோடு சண்டைகூடப் போடவில்லை. எங்கள் குழாய் நாளாக நாளாக இளைத்து, சொட்டாகி, ஒருநாள் நின்றது. அம்மா அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. குழாய் நின்றுபோன சித்தியையும் சந்து பாவம் என்றே பார்த்தது. சந்திலேயே எங்கள் இரண்டு வீடுகள் மட்டும் வறண்டு கிடக்க, ஓரகத்திகள் இருவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டில் வந்து நிற்கும் தண்ணீர் லாரிக்குச் சேர்ந்து போனார்கள். நின்ற நேரமெல்லாம் பேசினார்கள். கல்யாண வேலையும் சேர்ந்துகொண்டது, சீர்ப் பாத்திரத்தைச் சித்தி தட்டிப் பார்த்து வாங்கினாள், என் சேலைகளுக்குச் சித்தி நிறம் சொன்னாள், அம்மா ஆமா ஆமா என்றாள்.

சாயங்காலம் நான் எண்ணெய்க் கிண்ணத்தையும் சீப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்கும், சித்தியின் குரல் கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்று தெளிவாகக் கேட்காது. பாத்தியா என்ற சொல்லை அம்மா இப்போது யாரிடமும் சொல்வதில்லை. இருட்டியதும் நானே எண்ணெய் வைத்துக்கொள்வேன். என் விரல்களில் சூடு போதாது, எண்ணெய் மேலோடு நிற்கும்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் லாரியிலிருந்து இருவரும் திரும்பி வந்தார்கள். பெரிய அண்டா ஒன்றை ஆளுக்கு ஒரு காதாகப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தளும்பிச் சேலை நனைய, எதற்கோ நிற்க முடியாமல் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அம்மா வாய்விட்டு, சுவர் தாண்டித் தெருவுக்கே கேட்கும்படி சிரித்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"என்னம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லட்டி, ஒனக்குப் புரியாது," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. சித்தி அவள் தோளில் தலையை முட்டி மறுபடி சிரித்தாள்.

அப்போது எங்கள் அடுப்படியில் குழாய் இருமியது. சுவருக்கு அந்தப் பக்கமும் இருமியது. இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் பாய்ந்தது. சித்தி அண்டாவைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினாள், அம்மா இந்தப் பக்கம் ஓடினாள்.

"அக்கா, இங்கயும் வருது!"

"இங்க அதவிட வருதுடி! யாரு அது, நம்மளப் பாத்து வயிறெரியுறது?"

"பேச்சியக்காவா இருக்கும்!"

"அவளா? அவ நம்மளப் பாத்துப் பாவம்னுல்ல சொல்லிட்டுத் திரியுதா!"

சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று, சந்திலுள்ள ஒவ்வொரு பெயராகச் சொல்லி, இவளா, அவளா, அவளுக்கு அவ்வளவு திராணி ஏது என்று சிரித்தார்கள். என் பெயர் மட்டும் அதில் வரவில்லை. அவர்கள் சிரிக்கச் சிரிக்கத் தண்ணீர் உரத்தது. தெறித்த துளி ஒன்று என் உதட்டில் பட்டது. நன்றாக உறைத்தது.

"ஏட்டி, மரம் மாதிரி நிக்காத, வாளிய எடுத்து வை," என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே.

நான் வாளியை எடுத்து வைத்தேன். அது நிறைந்ததும் அடுத்ததை வைத்தேன். அன்று இரண்டு வீட்டிலும் இருந்த பாத்திரங்கள் போதவில்லை, சீருக்கு வாங்கிய புதுப் பாத்திரங்களையும் எடுத்து நிறைக்க வேண்டியிருந்தது.